பால் டம்ளரைக் கண்டால் ஓடும் பிள்ளை: கோளாறு எங்கே என்று பார்ப்பது எப்படி

தோட்டத்து மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லை என்றால் யாரும் எடுத்த எடுப்பில் குழாயைக் கழற்றி மோட்டாரை வெளியே இழுப்பதில்லை. மும்முனை மின்சாரம் வந்ததா, ஃபியூஸ் போய்விட்டதா, ஸ்டார்ட்டர் பிடிக்கிறதா என்று வெளியிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போவோம். பால் குடிக்காத பிள்ளையிடம் மட்டும் நமக்கு அந்த நிதானம் வருவதில்லை. நேராக மூக்கைப் பிடித்து ஊற்றுவதில் போய் நிற்கிறோம்.

எங்கள் வீடு தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டுப் பக்கம். தொழுவத்தில் இரண்டு கலப்பின மாடுகள் நிற்கின்றன. காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறோம். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த என் மகன் ஒன்றேகால் வயதில் பாலை ஒதுக்க ஆரம்பித்தான். எட்டு மாதம் அவனோடு மல்லுக்கட்டியதில் கற்றதை, என்னென்ன அறிகுறிக்கு எங்கே பார்ப்பது என்ற வரிசையில் எழுதுகிறேன். ஒரு வயது முடிந்து மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு இது பொருந்தும். ஒரு வயதுக்குள் தாய்ப்பாலின் இடத்தில் மாட்டுப்பாலை வைக்கவே கூடாது.

முதலில்: கோளாறு உண்மையிலேயே இருக்கிறதா?

பாதி வீடுகளில் கோளாறே இருக்காது. ஒரு வயது வரை மளமளவென்று ஏறிய எடை, இரண்டாம் வயதில் ஆண்டு முழுவதற்குமே இரண்டு, இரண்டரை கிலோதான் ஏறும். வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் குறையும். ஆறு மாதத்தில் குடித்த வேகத்தை ஒன்றரை வயதிலும் எதிர்பார்த்தால் பிள்ளை "ஒன்றுமே சாப்பிடுவதில்லை" என்றுதான் தோன்றும்.

எனவே ஒரு நாள் கணக்கை எழுதுங்கள். ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2020 பரிந்துரை. 100 மில்லி பாலில் ஏறக்குறைய 120 மில்லிகிராம் இருக்கிறது. தயிரிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். நம் ஊர் ராகி இந்தக் கணக்கில் பெரிய ஆள்: 100 கிராம் மாவில் 340 மில்லிகிராமுக்குக் குறையாது. அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூடக் கிடையாது. ஆக 300 மில்லி பாலோ தயிரோ, அதனுடன் 30 கிராம் ராகி மாவில் செய்த கூழோ களியோ உள்ளே போய்விட்டால் 460 ஆகிவிட்டது. மிச்சம் கீரையும் பருப்பும் பார்த்துக்கொள்ளும். தாய்ப்பால் இன்னும் குடிக்கிற பிள்ளை என்றால் அதையும் கணக்கில் சேருங்கள். அது ஒரு வயதோடு தண்ணீராகிவிடுகிறது என்று சொல்பவர்களைக் கண்டுகொள்ள வேண்டாம்.

நெய்யைச் சேர்க்காதீர்கள். என் அத்தைக்கு இதில் இன்றும் வருத்தம்தான். சுடுசோற்றில் இரண்டு கரண்டி நெய் விட்டால் பால் சத்து வந்துவிட்டது என்பது அவர் கணக்கு. நெய்யிலும் வெண்ணெயிலும் கொழுப்பு இருக்கிறது. கால்சியம் இல்லை என்றே சொல்லலாம். அது மோரோடு நின்றுவிட்டது.

இந்தக் கணக்கு தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு மற்ற ஊர்களைவிட ஒரு பிடி அதிகம் முக்கியம். நம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததே அதற்காகத்தான். வயிற்றில் போதிய கால்சியம் இருந்தால் அது ஃபுளோரைடைப் பிடித்து வைத்துக்கொண்டு, உடம்பு உறிஞ்சுவதைக் குறைக்கும். கால்சியம் போதாத பிள்ளையின் எலும்பில் அதே தண்ணீர் கூடுதல் கேடு செய்யும். பின்னால் முளைக்கப்போகும் நிலைப்பற்களின் எனாமல் ஈறுக்குள் உருவாவதும் இந்தச் சின்ன வயதுகளில்தான். போர்வெல் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது செறிவாகும். குடிப்பதும் கூழ் காய்ச்சுவதும் ஒகேனக்கல் தண்ணீரிலேயே இருக்கட்டும்.

டம்ளரைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்

ருசி பார்க்கும் முன்பே மறுக்கிறான் என்றால் கோளாறு பாலில் இல்லை. டம்ளரில் இருக்கலாம், நேரத்தில் இருக்கலாம், பெரும்பாலும் நம்மிடம் இருக்கும்.

நேரத்தை முதலில் பாருங்கள். காலையில் எழுந்ததும் ஒரு பிஸ்கெட், அரை மணி நேரத்தில் பாட்டி கையால் ஒரு பொறை, அப்புறம் பால் என்றால் யார்தான் குடிப்பார்கள்? பாலுக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும். அதே போல் சோற்றுக்குச் சற்று முன்னால் பாலைக் கொடுத்தால் சோறு போகும். எங்கள் வீட்டில் சரிப்பட்டது காலை ஆறரைக்கும் மாலை நான்கரைக்கும், அதாவது பால் கறந்து முடிக்கிற நேரத்துக்கு. மாட்டடியில் நிற்கிறபோது அவனுக்குப் பால் மேல் தனி மரியாதை.

அளவை அடுத்துப் பாருங்கள். பெரியவர்கள் காபி குடிக்கும் எவர்சில்வர் டம்ளர் நிறையப் பாலை நீட்டினால் அந்தப் பிள்ளைக்கு அது ஒரு குடம். 50 மில்லி பிடிக்கிற சின்னக் கிண்ணத்தில் பாதி ஊற்றுங்கள். குடித்துவிட்டு இன்னொரு முறை கேட்டால் ஊற்றுங்கள். கேட்கவில்லையென்றால் எடுத்து வைத்துவிடுங்கள்.

மூன்றாவது கட்டாயம். இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். காலை மடியில் இடுக்கி, கையைப் பிடித்து, சங்கால் ஊற்றி வளர்த்த தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. நானும் அப்படி வளர்ந்தவள்தான். ஒரு தடவை புரையேறிவிட்டால் பிள்ளைக்கு அந்த டம்ளர், அந்தத் திண்ணை, அந்த முந்தானைகூடப் பயமாகிவிடுகிறது. நானே அந்தத் தப்பைச் செய்தேன். அதன் பிறகு வெள்ளையாக எதைக் கண்டாலும், தேங்காய்ப் பால் ஆப்பமாக இருந்தாலும், ஓடினான். இதற்கு வைத்தியம் ஒன்றுதான்: பத்து நாள் பாலை நீட்டவே நீட்டாதீர்கள். அந்தப் பத்து நாளும் தயிரும் ராகியும் கணக்கை ஓட்டும். பிறகு நீங்கள் குடிக்கிறபோது பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் அவனுக்கும் வையுங்கள், வாயைத் திறக்காமல். புது உணவைப் பத்துப் பதினைந்து தடவை கண்ணில் கண்ட பிறகுதான் சில பிள்ளைகள் வாயில் வைக்கும். கைப்பேசியில் பாட்டுப் போட்டு ஏமாற்றி ஊட்டுவது அன்றைக்கு வேலை செய்யும். அடுத்த மாதம் கைப்பேசி இல்லாமல் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான்.

ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்புகிறான்

இப்போது பாலைச் சந்தேகப்படுங்கள். அதே கிண்ணத்திலிருந்து ஒரு வாய் நீங்கள் குடித்துப் பாருங்கள். சர்க்கரை போடாமல், காபி கலக்காமல். எத்தனை அம்மாக்கள் இதைச் செய்கிறோம்?

எங்கள் வீட்டுக் கதை இது. நன்றாகக் குடித்துக்கொண்டிருந்தவன் திடீரென்று பத்து நாள் துப்பினான். பல் முளைக்கிறது என்றேன் நான். திருஷ்டி என்று அத்தை மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார். பதினோராம் நாள் நானே குடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பாலில் புகை வாசம். காஸ் தீர்ந்துபோய்ப் பத்து நாளாக விறகடுப்பில் காய்ச்சியிருக்கிறோம். புது சிலிண்டர் வந்த அன்று மாலையே பிள்ளை குடித்துவிட்டான். திருஷ்டி கழிந்ததென்று அத்தை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

புகை இல்லையென்றால் வேறு சில இடங்களில் தேடுங்கள். லேசாக அடிப்பிடித்த பால் நமக்குத் தெரியாது, பிள்ளைக்குத் தெரியும். ரசம் வைத்த பாத்திரத்தில் காய்ச்சினாலும் அப்படியே. மாட்டுக்குப் புதிதாக ஊறுகாய்ப் புல் (காற்றுப் புகாமல் மூடிப் புளிக்க வைத்த பசுந்தீவனம்) போட ஆரம்பித்திருந்தால் பாலில் அந்த வாசம் இறங்கும். கறந்து முடித்த பின் போட்டால் குறையும். பசும்பாலில் பழகிய நாக்குக்கு எருமைப்பால் கனமாக இருக்கும். ஊருக்குப் போனால் பாக்கெட் பால், வீட்டுக்கு வந்தால் கறந்த பால் என்று மாறிக்கொண்டே இருந்தாலும் பிள்ளை குழம்பும். மாற்ற வேண்டியிருந்தால் நாலில் ஒரு பங்கு, பாதி, முக்கால் என்று ஒரு வாரத்தில் கலந்து மாற்றுங்கள்.

ஆடையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உதட்டில் ஒட்டும் அந்த ஆடைக்காகவே பாலை வெறுக்கும் பிள்ளைகள் ஏராளம். வடிகட்டுங்கள், வெதுவெதுப்பாகக் கொடுங்கள், வேலை முடிந்தது. எடுத்த ஆடையை வீணாக்காமல் பருப்புச் சோற்றில் பிசைந்துவிடுங்கள்.

"கெட்டிப் பால் செரிக்காது" என்று பாதிக்குப் பாதி தண்ணீர் கலக்கிற வழக்கத்தை விட்டுவிடலாம். வயிறு நிறையும், சத்து பாதியாகும். இரண்டு வயது வரை கொழுப்பு எடுக்காத முழுப் பால்தான் தேவை. பச்சைப் பால் மட்டும் எந்த நாளும் வேண்டாம், நம் வீட்டு மாடாகவே இருந்தாலும். மாட்டின் கன்று வீசும் நோய் (புருசெல்லோசிஸ்) காய்ச்சாத பால் வழியாகவும் மனிதருக்கு வரும்.

சத்துப் பவுடர் போட்டால்தான் குடிக்கிறாள், இல்லையென்றால் டீதான் கேட்கிறாள்

இரண்டும் ஒரே நோய். நாக்கு இனிப்புக்குப் பழகிவிட்டது. கடையில் விற்கும் பவுடர்களில் பெரும்பாலானவற்றில் சர்க்கரை தாராளமாக இருக்கிறது. இரண்டு வயது வரை சர்க்கரையே சேர்க்காமல் இருப்பது நல்லது என்பது குழந்தை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வது. வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும்கூட இனிப்புதான், நிறம்தான் வேறு.

ஒரே நாளில் நிறுத்தினால் போர் மூளும். மூன்று நாளைக்கொரு முறை அரைக் கரண்டி குறையுங்கள். அந்த இடத்தில் வீட்டில் வறுத்து அரைத்த ராகி மாவைப் பாலில் நீர்க்கக் காய்ச்சி, ஏலக்காய் ஒன்று தட்டிப் போட்டு, ஊறவைத்து மசித்த பேரீச்சம்பழம் ஒன்று சேர்த்துக் கொடுக்கலாம். அங்கன்வாடியில் கிடைக்கும் சத்துமாவையும் பாலில் காய்ச்சலாம். அதில் ஏற்கெனவே வெல்லம் இருப்பதால் வேறு இனிப்பு வேண்டாம்.

டீயை நிறுத்த ஒரே நாள் போதும். டீயிலிருக்கும் துவர்ப்பு, உணவிலிருந்து இரும்புச் சத்து ஏறுவதைத் தடுக்கிறது. பிள்ளை எதிரில் பெரியவர்கள் பொறையைத் தொட்டுத் தின்பதை நிறுத்துவதுதான் கஷ்டம்.

பால் மட்டும்தான் குடிக்கிறாள், சோறே வேண்டாம் என்கிறாள்

பால் குடிக்காத பிள்ளையைவிட இந்தப் பிள்ளைக்காக நான் அதிகம் கவலைப்படுவேன்.

எங்கள் தெருவில் ஒரு குழந்தை. இரண்டு வயது. நாளைக்கு ஒரு லிட்டர் பால், எல்லாம் பாட்டிலில். கொழுகொழுவென்று இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. உள்ளங்கையும் உதடும் வெளுத்துப்போய், சுவரின் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்ன ஆரம்பித்த பிறகுதான் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கடுமையான ரத்தசோகை. பாலில் இரும்புச் சத்து மிகமிகக் குறைவு. இந்த வயதுக்கு நாளைக்கு 8 மில்லிகிராம் தேவைப்படும்போது ஒரு லிட்டர் பாலில் ஒரு மில்லிகிராம்கூடத் தேறுவதில்லை. போதாததற்குப் பாலின் கால்சியமும் புரதமும் மற்ற உணவிலுள்ள இரும்பையும் ஏறவிடாது. வயிறும் பாலாலேயே நிறைந்துவிடுவதால் கீரைக்கும் முட்டைக்கும் இடமில்லை.

அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். 350 முதல் 400 மில்லி தாராளம். ஒன்றரை வயதுக்குள் பாட்டிலை ஒழித்துவிடுங்கள். இரவில் பாட்டிலை வாயில் வைத்துத் தூங்கும் பிள்ளைகளின் முன்பற்கள் கரைவதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் நடுராத்திரிப் பால், பிறகு பகல் பால், கடைசியாகப் படுக்கும் நேரத்துப் பால் என்ற வரிசையில் எடுத்தால் அழுகை குறையும். மலம் கல்லாக இறுகுவதும் பெரும்பாலும் இதே காரணத்தால்தான். பாலைக் குறைத்து, தண்ணீரும் கொய்யாவும் பப்பாளியும் கூட்டினால் ஒரு வாரத்தில் இளகும்.

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு முறை ஒரு மில்லி இரும்புச் சத்துச் சிரப் அரசுத் திட்டத்தில் உண்டு. கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். அதைப் பாலோடு கொடுக்காதீர்கள்; இடையே இரண்டு மணி நேரம் போகட்டும். வெளுப்பு, மண் தின்னுதல், ஓடியாடாமல் சோர்ந்து படுத்தல் இருந்தால் சிரப்போடு நிற்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

குடித்தால் வயிறு கெடுகிறது

எப்போதிலிருந்து என்று கேட்டுக்கொள்ளுங்கள். சென்ற வாரம் வயிற்றுப்போக்கு வந்து அதன் பிறகு தொடங்கியது என்றால், குடலின் உள்தோல் புண்பட்டுப் பாலின் சர்க்கரையைச் செரிக்கும் நொதி தற்காலிகமாகக் குறைந்திருக்கலாம். வயிறு உப்பும், புளித்த வாடையோடு நீராகப் போகும், ஆசனவாய்ப் பக்கம் சிவந்துவிடும். சில நாள் முதல் சில வாரங்களில் தானே சரியாகும். அதுவரை பாலைக் குறைத்துத் தயிரைக் கூட்டுங்கள். உறையும்போதே அந்தச் சர்க்கரையின் ஒரு பகுதி புளிப்பாகிவிடுவதால் தயிர் தாங்கும். வயிற்றுப்போக்கு நடக்கும்போது உப்புச் சர்க்கரைக் கரைசலும், மருத்துவர் தரும் துத்தநாக மாத்திரையும் முக்கியம். மாத்திரையை, போக்கு நின்றதும் நிறுத்தாமல், சொன்ன நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும்.

ஒவ்வாமை வேறு. பால் குடித்த சில நிமிடங்களில், அல்லது இரண்டு மணி நேரத்துக்குள், தடித்த தடிப்பு, உதடு வீக்கம், தொடர் வாந்தி. அல்லது மலத்தில் ரத்தமும் சளியும். இதற்குத் தயிரும் உதவாது, பன்னீரும் உதவாது, ஏனென்றால் ஒவ்வாதது புரதம். "அப்படியானால் ஆட்டுப்பால் கொடு" என்று நம் பக்கத்தில் கட்டாயம் யாராவது சொல்வார்கள். இரண்டின் புரதமும் ஏறத்தாழ ஒன்றுதான், கொடுக்காதீர்கள். மூச்சு இரைந்தாலோ முகம் வீங்கினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

பாலும் தயிரும் கொடுத்தால் சளி பிடிக்கும் என்று வீட்டில் தடுக்கிறார்கள்

பால் சளியை உண்டாக்குவதில்லை. பால் எச்சிலோடு கலந்து தொண்டையில் கெட்டியாகத் தங்குவதைச் சளி என்று நினைத்துக்கொள்கிறோம். மார்கழியில் தேன்கனிக்கோட்டைப் பக்கம் போனால் எல்லாப் பிள்ளைக்கும் மூக்கு ஒழுகும், பால் குடித்தாலும் குடிக்காவிட்டாலும். பெரியவர்களோடு வாதாடி வெல்ல முடியாது என்பதால் நான் கண்ட சமாதானம்: தயிர் அன்றைக்கு உறைந்ததாக இருக்கும், ஃபிரிட்ஜில் வைக்காமல், பகல் சாப்பாட்டோடு மட்டும். அத்தை ஒப்புக்கொண்டார்.

பாலாக எதுவும் வேண்டாம், மற்றதெல்லாம் சாப்பிடுகிறான்

இதில் கவலையே வேண்டாம். பாலை டம்ளரிலிருந்து தட்டுக்கு மாற்றினால் போதும்.

நம் ஊர்க் கூழைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. முதல் நாள் களியை இரவில் தண்ணீரில் போட்டு வைத்து, காலையில் கரைத்து, மோருக்குப் பதில் கெட்டித் தயிர் விட்டு உப்புப் போட்டுக் கொடுங்கள். மோர் என்று நாம் கடைந்து தண்ணீர் விடுகிறபோது கால்சியமும் நீர்த்துப்போகிறது, அதனால்தான் தயிர். ராகியில் சத்தை ஏறவிடாமல் தடுக்கும் ஒரு பொருள் இருக்கிறது. முளைகட்டினாலும் புளிக்க வைத்தாலும் அது குறையும். பழைய கூழைக் குடித்தவர்கள் அதைத் தெரிந்து செய்யவில்லை, ஆனால் சரியாகச் செய்திருக்கிறார்கள்.

ஒரு லிட்டர் பாலில் எலுமிச்சை பிழிந்து திரித்து, துணியில் கட்டித் தொங்கவிட்டால் 150 முதல் 200 கிராம் வரை பன்னீர் வரும். அதில் முப்பது கிராம், கால்சியத்தில் ஏறக்குறைய 100 மில்லி பாலுக்குச் சமம். உதிர்த்து தோசைக்குள்ளோ முட்டைப் பொரியலிலோ போட்டால் தெரியவே தெரியாது. சோற்றைத் தண்ணீருக்குப் பதில் பாலில் குழைய வேகவைக்கலாம். மாம்பழக் காலத்தில் கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு வேலையே இல்லை: கனிந்த செந்தூராவைத் தயிரில் மசித்தால் சர்க்கரை வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். காவேரிப்பட்டணம் பால்கோவா வீட்டுக்கு வந்தால் ஒரு சிட்டிகை கொடுங்கள், அதைக் கணக்கில் எழுதாதீர்கள்.

பால் வகையே தொடாத பிள்ளைக்கு முருங்கைக்கீரை போட்ட ராகி அடை, வறுத்துப் பொடித்த எள்ளை இட்லியில் தூவுவது, முள்ளோடு நன்றாக அரைத்த நெத்திலி என்று சுற்றிவரலாம். முழு எள்ளுருண்டையும் முழு வேர்க்கடலையும் இந்த வயதில் தொண்டையில் சிக்கும். பொடியாகத்தான் தர வேண்டும்.

எதைச் செய்தும் பலனில்லை

ஒரு மாதம் பார்த்தும் ஒன்றும் நகரவில்லை, அல்லது அங்கன்வாடியில் போடும் எடைக்கோடு மூன்று மாதமாகக் கிடையாகப் போகிறது என்றால் மருத்துவரிடம் போங்கள். மருந்துக் கடையில் நீங்களாகக் கால்சியம் சிரப் வாங்காதீர்கள். அளவு மிஞ்சினால் மலச்சிக்கல் வரும், இரும்புச் சிரப்போடு சேர்த்துக் கொடுத்தால் இரும்பு சரியாக ஏறாது. போகும்போது மூன்று நாள் சாப்பாட்டுக் கணக்கை எழுதி எடுத்துப் போங்கள்: என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு, எந்தத் தண்ணீரில் சமைத்தது. பிஸ்கெட்டையும் எழுதுங்கள். பாட்டி கொடுத்த பிஸ்கெட்டையும்.